களை கண்ணில் படுகிறதா?

கேள்வி இது: ஒரு சிலையைப் பார்த்து 'என்ன நளினம்' என்கிறோம். ஒரு ராகத்தைக் கேட்டு 'உருக்கமாக இருக்கிறது' என்கிறோம். அந்த நளினமும் உருக்கமும் நிறத்தைப் போல, ஓசையைப் போல நேராகப் புலனில் படுகின்றனவா? இல்லை, பார்த்து முடித்த பிறகு நாம் போடும் மதிப்பெண்ணா? புலனில்தான் படுகின்றன என்றால், ஏன் எல்லாருக்கும் படுவதில்லை?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புலனில்தான் படுகின்றன. ஆனால் பழகிய புலனில். அந்தப் பழக்கத்துக்குள் அறிவும் கலந்திருக்கிறது. சிக்கல் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. அதற்கு மெதுவாக வருகிறேன்.

தத்துவவாதிகளிடம் போவதற்கு முன்னால் நம் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த பெரியவர், "மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்கு, ஆனா முகத்துல களையே இல்லையே, உடம்புக்கு என்ன?" என்று கேட்பார். அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். மூக்கைப் பார்த்தாயிற்று, கண்ணைப் பார்த்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் ஒன்று இருக்க வேண்டும், அது இல்லை என்பதும் தெரிகிறது. 'தெரிகிறது' என்றுதான் சொல்கிறோம். கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன் என்று யாரும் சொல்வதில்லை. அதே சமயம், களை என்பது மூக்குக்கும் கண்ணுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒட்டிவைத்த உறுப்பும் அல்ல. அந்த மூக்காலும் கண்ணாலும்தான் அது வருகிறது. இமை சற்றுச் சோர்ந்தால் போய்விடுகிறது.

உறுப்புகளைச் சார்ந்தது, ஆனால் உறுப்புகளின் பட்டியலிலிருந்து கணக்கிட்டு வரவழைக்க முடியாதது. இதைத்தான் ஃபிராங்க் சிப்லி என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1959இல் 'அழகியல் கருத்துகள்' என்ற கட்டுரையில் வாதமாக்கினார். இந்தத் துறையில் இன்றுவரை யார் எழுதினாலும் அந்தக் கட்டுரையை ஒட்டியோ வெட்டியோதான் எழுத வேண்டியிருக்கிறது. அவர் குணங்களை இரண்டாகப் பிரித்தார். சிவப்பு, வளைவு, உரத்த ஒலி, நாலு மூலை போன்றவை ஒரு வகை. கண்ணும் காதும் சாதாரணமாக வேலை செய்தால் போதும். நளினம், கம்பீரம், சமநிலை, பகட்டு போன்றவை இன்னொரு வகை. இவற்றுக்கு ரசனை என்ற கூடுதல் நுட்பம் வேண்டும். இரண்டாவது வகை முதல் வகையைச் சார்ந்தே நிற்கிறது. ஆனால் 'இன்னின்ன வளைவு, இன்னின்ன நிறம் இருந்தால் நளினம் வந்தே தீரும்' என்று ஒரு விதியை எழுத முடியாது.

மறுபக்கத்து விதி உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். முழுக்க முழுக்க வெளிர் நிறத்திலேயே நெய்த புடவையை 'கண்ணைப் பறிக்கிறது' என்று சொல்ல வழியில்லை. எது வராது என்று சொல்லலாம். எது வரும் என்றுதான் உறுதி தர முடியாது.

நம் ஸ்தபதிகளுக்கு இது புதிதல்ல. சுவாமிமலையில் ஒரு விக்கிரகத்துக்கு மெழுகு பிடிக்கும் முன் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று பெயர். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று சிற்ப நூல்கள் 'தாளம்' என்று சொல்லும் உடல் அளவு முறை அதில் ஏறிவிடும். ஆனால் ஒரே ஓலையில் அளந்த இரண்டு விக்கிரகங்களில் ஒன்று நின்று பேசும். மற்றது வெறுமனே நிற்கும். அளவு தப்பினால் கெடும். அளவு தப்பாததால் மட்டும் வந்துவிடாது.

எனக்கு இது முழுசாகப் புரிந்தது பாட்டு வகுப்பில். ஆரபி, தேவகாந்தாரி என்று இரண்டு ராகங்கள். இரண்டுமே 29ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, தீரசங்கராபரணத்தில் பிறந்தவை. ஏறும்போது ச ரி ம ப த ச. இறங்கும்போது ச நி த ப ம க ரி ச (ரி என்பது ரிஷபம், க காந்தாரம், ம மத்தியமம்). இரண்டுக்கும் அப்படியே ஒன்று, ஒரு ஸ்வரம்கூட மாறாது. ஃபோனில் இருக்கும் பியானோ செயலியில் அந்த வரிசையைத் தட்டிப் பாருங்கள், வருவது ஆரபியும் அல்ல, தேவகாந்தாரியும் அல்ல. எட்டுப் பத்துச் சத்தங்கள். ஆனால் பழகிய காதுக்கு இந்த ராகங்கள் இரண்டும் இரண்டு வேறு மனிதர்கள் மாதிரி. ஆரபி நிமிர்ந்து நடக்கும், துடிப்பு, மிடுக்கு. தியாகராஜரின் கன ராக பஞ்சரத்தினத்தில் 'சாதிஞ்செனே' இந்த ராகம்தான். தேவகாந்தாரி அசைந்து அசைந்து வரும். அதே தியாகராஜரின் 'க்ஷீரஸாகர சயன' கேட்டால் அந்த இரக்கம் தெரியும்.

நான் படித்த காலத்தில் தேவகாந்தாரியைப் பாடச் சொன்னால் எனக்கு ஆரபிதான் வரும். ஸ்வரம் தப்பில்லை, ஒவ்வொன்றும் சுத்தம். ஆசிரியை நிறுத்திவிடுவார். "மெதுவாப் பாடு" என்றார். மெதுவாகப் பாடினேன். "இப்ப ஆரபி தூங்குது" என்றார். அப்புறம் அசைவு போடச் சொன்னார். போட்டேன், குழைவுக்குப் பதிலாக நடுக்கம்தான் வந்தது. 'மெதுவு, அதோடு கமகம் என்கிற அசைவு, ஆக உருக்கம்' என்ற விதி வேலை செய்யாது என்பதை என் தொண்டையே நிரூபித்துவிட்டது.

பிறகு அவர் சொன்னதும் செய்ததும்தான் முக்கியம். "ஆரபியில காந்தாரம் தனியா நிக்காது, மத்தியமத்து மடியிலயே உக்காந்திருக்கும். தொட்டுட்டு ஓடிடு" என்று ஒரு முறை பாடினார். "இதுல ரிஷபத்தைப் பாரு" என்று அந்த ஸ்வரத்தை இழுத்து ஆட்டிக் காட்டினார். கையைத் தண்ணீரில் விட்டு அளைவது போல ஒரு சைகை. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடினார். திரும்ப அதையே பாடினார். ஏழெட்டு முறைக்குப் பிறகு, ஒரு நொடியில், எனக்குக் கேட்டது. பாட வரவில்லை, அதற்கு மாதங்கள் ஆயின. ஆனால் கேட்டது. புதிதாக ஒரு ஸ்வரமும் வந்து சேரவில்லை. அதுவரை தனித்தனியாக விழுந்துகொண்டிருந்தவை கைகோத்துக்கொண்டன.

சிப்லியின் கட்டுரையின் இரண்டாம் பாதியைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்த வகுப்புதான் கண்முன் வந்தது. ஒரு விமரிசகர் தான் காண்பதைப் பிறருக்குக் காட்ட என்னென்ன செய்கிறார் என்று ஏழு வழிகளை அவர் சொல்கிறார். சாதாரண அம்சம் ஒன்றைச் சுட்டிக்காட்டுவது, 'எவ்வளவு மென்மை பார்' என்று குணத்தையே நேராகச் சொல்வது, இரண்டையும் இணைத்துச் சொல்வது, உவமையும் உருவகமும் சொல்வது, வேறொன்றோடு ஒப்பிடுவது, திரும்பத் திரும்பச் சொல்வது, கடைசியாகக் குரல், தலையசைப்பு, கைச்சைகை. என் ஆசிரியை அந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட விடவில்லை.

இவற்றில் எதுவும் நிரூபணம் அல்ல என்பதைக் கவனியுங்கள். இவை எல்லாமே விரல் நீட்டுவதுதான். விரல் நீட்டுவதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் அங்கே பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். அழகியல் குணங்களைப் புலன்தான் அறிகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான ஆதாரம் இந்த நடைமுறைதான். ஒருவருக்குக் காய்ச்சல் என்பதை அவரைத் தொடாமலே, வெப்பமானி காட்டும் எண்ணைப் போனில் கேட்டுச் சொல்லிவிடலாம். ஒரு ராகம் உருக்கமானது என்பதை அப்படிச் சொல்ல முடியாது. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம், அவ்வளவுதான். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1790இல் இதைச் சொல்லிவிட்டார்: ஒரு கட்டடமோ கவிதையோ ஒருவருக்கு அழகாகப் படவில்லை என்றால், நூறு பேர் கூடிப் புகழ்ந்தாலும் அவர் உள்ளம் சம்மதிக்காது.

காண்டின் இன்னொரு பிரிவினை தமிழில் தானாகவே இருக்கிறது. கேனரித் தீவு ஒயின் இனிமையானது என்று ஒருவர் சொன்னால் 'எனக்கு இனிமையானது என்று சொல்' என்று திருத்துவது நியாயம். ஆனால் 'எனக்கு அழகானது' என்பது அபத்தம் என்றார் அவர். நாம் 'எனக்குப் பிடிக்கும்' என்கிறோம், அங்கே 'எனக்கு' இல்லாமல் வாக்கியமே நிற்காது. 'அழகாக இருக்கிறது' என்னும்போது அந்த 'எனக்கு' கழன்றுவிடுகிறது. பேச்சு பொருளைப் பற்றியதாகிவிடுகிறது. எனக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதற்கு யாரும் என்னோடு வாதாட வரமாட்டார்கள். தேவகாந்தாரி மிடுக்கான ராகம் என்று நான் சொன்னால் வருவார்கள், வரவும் வேண்டும்.

சரி, இனி சிக்கலுக்கு வருவோம். 'கண் பார்ப்பது நிறம், வடிவம், அசைவு மட்டுமே. மற்றதெல்லாம் மனம் பிறகு சேர்ப்பது' என்று சொல்கிற தத்துவவாதிகள் உண்டு. அவர்கள் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. 1889இல் முல்லர்-லையர் வரைந்து காட்டிய கோட்டு மாயத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்பு வெளியே பார்க்கும், மற்றதில் உள்ளே பார்க்கும். ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டும் சமம் என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் ஒன்று நீளமாகத்தான் தெரியும். அறிவால் பார்வையை அசைக்க முடியவில்லை. அப்படியானால், அறிவும் பயிற்சியும் வந்ததும் மாறிவிடுகிற 'நளினம்' பார்வையாக இருக்க முடியுமா? மனத்தின் தீர்ப்பாகத்தானே இருக்க வேண்டும்?

இதற்குப் பதில் எனக்குத் தஞ்சாவூரில் கிடைத்தது. அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த சோழர் காலச் செப்புத் திருமேனி. 1950களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டியிருப்பார். ஒரு காலை ஊன்றி, மற்றதை அதன் குறுக்கே லேசாக வைத்திருப்பார். ஒரு கை மடங்கி, பக்கவாட்டில் காற்றில் நிற்கும். கல்லூரிக் காலத்தில் முதல்முறை பார்த்தபோது ஏதோ நடன நிலை என்று நினைத்தேன். அழகுதான், ஆனால் கொஞ்சம் வலிந்து நிற்பது போல, அந்தக் கை வெறுமனே தொங்குவது போல இருந்தது.

உடன் வந்த என் பெரியப்பா சொன்னது ஒரே வாக்கியம்: "அந்தக் கைக்குக் கீழே காளை நின்னுது, அது இப்ப இல்லை."

திரும்பிப் பார்த்தேன். கை தொங்கவில்லை, சாய்ந்திருந்தது. கையில் தொடங்கிய பாரம் தோளில் இறங்கி, இடுப்பின் வளைவில் தங்கி, ஊன்றிய காலுக்குப் போவது தெரிந்தது. குறுக்கே வைத்த கால் ஏன் அவ்வளவு லேசாக இருக்கிறது என்பதும் தெரிந்தது; பாரத்தைக் காளை வாங்கிக்கொண்டதால் அந்தக் காலுக்கு வேலை இல்லை. வலிந்து நின்றவர் ஆசுவாசமாக நின்றார். உலோகத்தில் ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

ஏன் இங்கே அறிவு பார்வையை மாற்றியது, அங்கே கோட்டின் நீளத்தை மாற்றவில்லை? என் பதில் இது. நீளம் அந்தக் கோட்டுக்கு மட்டுமே உரிய விஷயம். நளினம் அப்படி எந்த ஒரு பகுதிக்கும் சொந்தமானது அல்ல. எது எதோடு சேர்ந்து நிற்கிறது என்பதில் இருக்கிறது. காந்தாரம் மத்தியமத்தோடு சேர்கிறதா, தனித்து நிற்கிறதா? கை காலோடு சேர்கிறதா, இல்லாத காளையோடு சேர்கிறதா? எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது என்பது கவனத்தின் வேலை. கவனத்தை ஒரு சொல்லால் திருப்பலாம், ஒரு கைச்சைகையால் திருப்பலாம். தத்துவவாதி விட்கென்ஸ்டைன் எடுத்துக்கொண்ட, வாத்தாகவும் முயலாகவும் பார்க்கக்கூடிய ஒரே கோட்டுப் படத்தில் நடப்பதும் இதுதான். 'வலப்பக்கம் முகம், இடப்பக்கம் காது' என்று யாராவது சொன்னதும் வாத்து முயலாகிறது. அது நீங்கள் செய்த அனுமானம் அல்ல, உங்கள் பார்வையே திரும்பிக்கொண்டது. நீண்ட காலம் பழகினால் திருப்பிவிட ஆள்கூட வேண்டாம். தமிழ் படிக்கத் தெரிந்த பிறகு 'அ' என்ற எழுத்தை வெறும் சுழியும் கோடுமாகப் பார்க்க முயன்று பாருங்கள்.

சிப்லி விட்ட இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ரசனை உள்ளவர் உற்றுப் பார்த்தால் போதும் என்பது போல அவர் எழுதினார். 1970இல் அமெரிக்கத் தத்துவவாதி கெண்டல் வால்டன் அந்த இடைவெளியை நிரப்பினார். ஒரு பொருளை எந்த வகையைச் சேர்ந்ததாகப் பார்க்கிறோமோ, அதைப் பொறுத்து அதன் அழகியல் குணமே மாறும் என்றார். அவர் சொன்ன கற்பனை உதாரணம் புகழ்பெற்றது. பிக்காசோவின் 'குவெர்னிகா' தட்டையான ஓவியம். நமக்கு அது வன்முறையும் ஓலமுமாகத் தெரிகிறது. ஓவியமே இல்லாத ஒரு சமூகம். அதற்குப் பதிலாக அங்கே அதே உருவங்களையும் நிறங்களையும் மேடும் பள்ளமுமாக, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகப் புடைத்துச் செய்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு மேடுபள்ளம்தான் பேச்சு. பிக்காசோவின் தட்டைப் பரப்பு அவர்களுக்கு உயிரற்ற, சில்லிட்ட ஒன்றாகவே தெரியும். அதற்காக இரண்டு பார்வையும் சரி என்று வால்டன் விட்டுவிடவில்லை. படைத்தவர் எந்த வகையில் பார்க்கப்பட வேண்டும் என்று நினைத்தார், அது தோன்றிய சமூகத்தில் எந்த வகை நிலைபெற்றிருந்தது, எந்த வகையில் பார்த்தால் அது சிறந்து தெரிகிறது போன்றவை சரியான வகையைத் தீர்மானிக்கும் என்றார். காளையோடு சேர்த்துப் பார்ப்பது ரிஷபவாகனரைப் பார்க்கும் இன்னொரு விதம் மட்டும் அல்ல. அதுதான் சரியான விதம்.

இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி வரும். பழகிய கண்ணுக்குத் தெரியும் என்றால், பழகிய கண் ஏமாந்தது எப்படி? 1937இல் டச்சு ஓவிய அறிஞர் அப்ரஹாம் பிரேடியஸ், எம்மாவு ஊர் விருந்தைச் சித்திரிக்கும் ஒரு படத்தை 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று கொண்டாடினார். வரைந்தவர் உண்மையில் ஹான் வான் மேகரென். 1945இல் கைதான பிறகு அவரே ஒப்புக்கொண்டார். இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் கனத்த இமைகளும் சோர்ந்த முகங்களும் 17ஆம் நூற்றாண்டை அல்ல, 1930களையே காட்டுகின்றன. அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் குட்மன் 1968இல் இதற்குத் தந்த விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. போலிகளும் வெர்மீர்களோடு ஒரே குவியலில் கிடந்தவரை, கண் பழகியதே அந்தக் கலப்படக் குவியலில்தான். போலிகளைப் பிரித்துத் தனியே வைத்ததும், கண்ணுக்குப் புதிய பயிற்சி கிடைத்தது. புலன் தவறும். தவறும் என்பதாலேயே அது புலன் இல்லை என்று ஆகாது. மாலை வெளிச்சத்தில் துணியின் நிறம் பார்த்து ஏமாறாதவர் உண்டா?

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹ்யூம் 1757இல் எடுத்தாண்ட ஒயின் கதையும் இதைத்தான் சொல்கிறது. இரண்டு பேர் ஒயினைச் சுவைக்கிறார்கள். ஒருவர் நல்லது, ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார். இன்னொருவர் இரும்பு வாடை என்கிறார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வாரில் கோத்த சாவி ஒன்று கிடந்தது. கதை நல்ல கதை. ஆனால் நளினத்துக்கு அப்படி அடியில் ஒரு சாவி கிடைக்காது. அங்கே ஒப்புமை நின்றுவிடுகிறது. நமக்குக் கிடைக்கும் சாட்சி, வெவ்வேறு காலத்தில் பழகி வந்தவர்கள் ஒரே இடத்தில் விரல் வைப்பது மட்டும்தான்.

ஏன் எல்லாருக்கும் படுவதில்லை என்று தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தன் கடைசி நூற்பாவில் பதில் வைத்திருக்கிறது:

கண்ணினும் செவியினும் திண்ணிதின் உணரும்
உணர்வுடை மாந்தர்க்கு அல்லது தெரியின்
நன்னயப் பொருள்கோள் எண்ணருங் குரைத்தே

கண்ணாலும் காதாலும் உறுதியாக உணரும் உணர்வு உடையவர்களுக்கு அல்லாமல், இந்த நயம் எண்ணிப் பிடிக்க அரியது என்கிறது. நகை, அழுகை, இளிவரல் முதலிய எட்டு மெய்ப்பாடுகளையும் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளையும்) விரித்துச் சொல்லி முடித்த பிறகு இந்த எச்சரிக்கை. எனக்கு இதில் பிடித்தது 'கண்ணினும் செவியினும்' என்று தொடங்குவதுதான். கல்வியால் என்றோ, ஆராய்ச்சியால் என்றோ சொல்லவில்லை. ஆனால் வெறும் கண்ணும் செவியும் போதாது. திண்ணிதின் உணரும் உணர்வும் வேண்டும். இந்த உணர்வு சிலருக்கு மட்டும் பிறப்பில் வாய்ப்பது என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டு முறை பாடிக் காட்ட ஒருவர் இருந்ததால்தான் எனக்குத் தேவகாந்தாரி கேட்டது.

கடைசியாக எனக்கே இன்னும் முடிவாகாத ஒன்று. ரிஷபவாகனரைச் சரியான வகையில் பார்க்கக் காளை வேண்டும் என்றேன். ஆனால் இத்தகைய திருமேனிகள் கலைக்கூடத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உற்சவருக்குப் பட்டு உடுத்தி, மாலை சார்த்தி, நகை பூட்டி, தோளில் சுமந்து வீதிக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் கோலத்தில் முகமும் விரல்களும்தான் தெரியும். நான் வியந்த இடுப்பின் வளைவும் கால்களின் லேசும் துணிக்குள் மறைந்துவிடும். வால்டன் சொல்கிறபடி பார்த்தால், கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று நான் ரசித்தது தவறான வகையா? இருக்காது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. துணிக்குள் மறையப்போகிற முழங்காலை ஸ்தபதி அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். அபிஷேக நேரத்தில் அலங்காரம் எல்லாம் களைந்து, பாலும் தண்ணீரும் தோளிலிருந்து இடுப்பு வழியாகப் பாதம்வரை இறங்கும்போது அந்த முழு உருவமும் தெரியும். பக்கத்தில் நிற்பவர்கள் அதைப் பார்ப்பார்கள்.